பேசாப்படமும் நேரடி இசையும்

பேசாப்படச் சுருளில் ஒலி பதிவாகியிருக்காது. எனவே படம் ஓடும்போதே அரங்கில் கலைஞர்கள் இசை வாசித்தனர். தமிழகத்தில் இம்முறை 1930களின் தொடக்கம் வரை வழக்கில் இருந்தது. ஊமைப்படம், மௌனப்படம் என்ற பெயர்கள் சுருளுக்குப் பொருந்தும், அரங்குக்குப் பொருந்தா.

மேலைநாட்டு முறை

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய அரங்குகளில் குழாய் ஆர்கன் பொருத்தப்பட்டது. மணி, முரசு, பறவைக்குரல் போன்ற ஒலிகளையும் எழுப்பும் இக்கருவியை ஒருவரே வாசித்து முழு வாத்தியக் குழுவின் இடத்தை நிரப்பினார். வுர்லிட்சர் நிறுவனத்தின் ஆர்கன்கள் புகழ்பெற்றவை. பாதுகாக்கப்பட்ட சில பழைய அரங்குகளில் சாப்ளின், பஸ்டர் கீட்டன் படங்கள் இன்றும் ஆர்கன் இசையுடன் காட்டப்படுகின்றன. கலைஞர் திரையைப் பார்த்தபடி வாசிப்பதால், அவையின் சிரிப்புக்கு ஏற்ப இசையை நீட்டவும் நிறுத்தவும் முடிகிறது.

தமிழகத்தில்

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரும், 1914இல் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டியும் தொடங்கப்பட்டன. நம் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் ஒலித்தன. அவற்றோடு, திரையருகே நின்று எழுத்து அட்டைகளை உரக்கப் படித்து, பாத்திரங்களுக்காகப் பேசி, கதையை விளக்கியவர் ஒருவரும் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்த அவையில் அவரின்றிப் படம் முழுமை பெறாது. ஜப்பானில் இப்பணியைச் செய்த 'பென்ஷி' கலைஞர்கள் நடிகர்களுக்கு இணையான புகழ் பெற்றனர். தமிழகத்து விளக்குநர்களின் பெயர்கள்கூடப் பெரும்பாலும் பதிவாகவில்லை.

நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' (1917-18) தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில் பாரதப் பிரசங்கத்திலும் தெருக்கூத்திலும் வளர்ந்த மக்களுக்குப் பாரதக் கதை புதிதன்று. கூத்தில் கட்டியக்காரன் கதையை இணைத்துப் பேசுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, திரையருகே ஒருவர் பேசுவதும் இயல்பாகவே தோன்றியிருக்கும்.

மதிப்பீடு

பழைய படங்களுக்குப் புதிய இசையமைத்துத் திரையிடும் முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. 1929இல் வெளிவந்த 'பிரபஞ்ச பாஷ்' படத்துக்கு நிதின் சாஹ்னி இசையமைக்க, 2007இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் லண்டன் சிம்பொனி இசைக்குழு அதை நேரடியாக வாசித்தது. இதனால் மறந்துபோன ஒரு படம் மீண்டும் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது. ஆயினும் இத்தகைய அரங்கேற்றங்களில் குரலுக்கு இடமில்லை. மேலைநாட்டு வழக்கத்துக்கு அது குறையாகாது. நம் கொட்டகையின் அனுபவத்துக்கோ அது பாதியே.

இழப்பு இங்கு பெரிது. 'கீசகவதம்' படத்தின் பிரதி கிடைக்கவில்லை. கெயிட்டி இடிக்கப்பட்டது. எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக எஞ்சியுள்ளது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரிப்பில், பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

எஞ்சிய இப்படத்தைத் தமிழ் மண்ணில் திரையிடும்போது ஆர்கனோ பெரிய இசைக்குழுவோ தேவையில்லை. ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, கூத்துப் பயிற்சியுள்ள ஒரு குரல் போதும். இசையை மட்டும் மீட்டால் படம் அழகுபெறும். குரலையும் மீட்டால்தான் அன்றைய அவை எப்படிப் படம் பார்த்தது என்பது விளங்கும்.