கூட்டம் எங்கே போச்சு?

‘குற்றாலத்துல கூட்டம் அள்ளுது’ என்று தெரிந்தால் இளையரசனேந்தலில் உடனே வேன் பேசுவார்கள். கூட்டம்னா அருவியில தண்ணி விழுதுன்னு அர்த்தம்.

டிஸ்னிலேண்டில் நேர் எதிர். கலிஃபோர்னியாவில் 2019 மே 31-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதியைத் திறந்தார்கள். நெரிசலுக்குப் பயந்து ஆரம்ப வாரங்களில் முன்பதிவு இருந்தால்தான் அனுமதி. மலிவு விலை வருஷ பாஸ்காரர்களுக்குப் பல நாள் கதவு சாத்தியாச்சு. கடைசியில், அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் 3 சதவீதம் குறைவு! ஜனங்கள் கூட்டத்துக்கும் ஓட்டல் வாடகைக்கும் பயந்துட்டாங்க என்றது நிர்வாகம்.

வாடகை சரி. கூட்டம்? அதுக்கா பயம்? காசு கொடுத்தவன் க்யூவில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் டிக்கெட்டில் கழித்துப் பார்ப்பான். ஓசி அருவியில் அந்தக் கணக்கே கிடையாது. இடி வாங்குவதும் குளியலில் சேர்த்தி.

2025 டிசம்பரில் சென்னைக்கும் வொண்டர்லா வந்தாச்சு. பெரியவர் டிக்கெட் ஆயிரத்துக்கு மேல். நாலு பேர் குடும்பம், போக வரச் செலவு, சாப்பாடு எல்லாம் கூட்டிப் பாருங்கள். ‘கூட்டம் ஏன் குறையுது?’ என்று ஆராய்பவர்கள் இளையரசனேந்தலை எண்ணிக்கையிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கு ராட்டினம்னா சங்கரன்கோவில் ஆடித்தபசுதான். க்யூ அங்கேயும் உண்டு.