'மாமாத்தோ போன்' யார்? வங்க விழாக்கதையும் உறவுச்சொல் மொழிபெயர்ப்பும்

வங்கக் கதைகளிலும் திரைக்கதைகளிலும் துர்க்கா பூசை, சிதறிய குடும்பத்தினரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டிவைக்கும் பருவமாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. உமை கணவனிடமிருந்து தாய்வீடு வருவதை ஆகமனிப் பாடல்கள் பாடுகின்றன. மணமான பெண்களும் அப்போது பிறந்தகம் திரும்புகின்றனர். பழைய காதல் நினைவுக்கு வருவதற்கும், மறைத்துவைத்த குடும்பச் செய்தி வெளிப்படுவதற்கும், கசந்த மணவாழ்வு மறுவாய்ப்புப் பெறுவதற்கும் பொருத்தமான களம் இது. இக்கதைகளைத் தமிழாக்குவோர் ஆகமனி, விஜயதசமித் தழுவல் முதலிய பண்பாட்டுச் சொற்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவதில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். இடர் அங்கில்லை, எளியவை எனத் தோன்றும் உறவுச்சொற்களில் உள்ளது.

ரிதுபர்ணோ கோஷ் எழுதி இயக்கிய 'உத்சப்' (2000) இதற்குத் தக்க சான்று. சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத்தந்த படம் அது. முதிய தாய் பகவதியின் பூர்விக இல்லத்தில் பூசைக்காக மக்களும் மருமக்களும் பேரரும் கூடுகின்றனர். மூத்த மகள் பாருல் ஒருகாலத்தில் தன் உறவினன் சிசிரை விரும்பியவள். குடும்பம் அதனைத் தடுத்து அவளை வேறிடத்தில் மணம்செய்து கொடுத்தது. அந்தச் சிசிரே இன்று செல்வனாகி, அவ்வீட்டை விலைக்குக் கேட்கிறான். இதற்கிடையே பாருலின் மகன் ஜோய்க்கும் அவள் தமையனின் மகள் சம்பாவுக்கும் இடையே ஈர்ப்பு அரும்புவதைப் பாருல் காண்கிறாள். தன் இளமை மீண்டும் நிகழ்வதாக அஞ்சுகிறாள்.

தமிழ் வாசகர் இங்கே திகைத்து நிற்பார். ஜோய்க்குச் சம்பா மாமன் மகள், அதாவது முறைப்பெண். தாய் அஞ்சுவதற்கு மாறாக மகிழவன்றோ வேண்டும்?

வங்கமொழியில் மாமன் மகள் 'மாமாத்தோ போன்' எனப்படுவாள். 'மாமாத்தோ' என்பது எவ்வழி உறவு என்று சுட்டும் அடை. 'போன்' என்பதோ உடன்பிறந்தாள். அத்தை மகள், சித்தி மகள், சிற்றப்பன் மகள் யாவருக்கும் அடை மாறும், தலைச்சொல் மாறாது. எல்லாரும் சகோதரிகளே. தமிழில் பகுப்பு வேறு. பெரியப்பன், சித்தி ஆகியோரின் மக்கள் அண்ணன் தங்கையர். மாமன், அத்தை மக்கள் மணமுறையினர். 1953இல் வெளிவந்த ஐராவதி கார்வேயின் இந்திய உறவுமுறை நூலும், 1981இல் வெளிவந்த டிரவுட்மனின் திராவிட உறவுமுறை ஆய்வும் இவ்வேறுபாட்டை விரிவாக விளக்கியுள்ளன. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் உடன்பிறந்தாரின் மக்களிடையே மணத்தை விலக்கி, வழக்காறு இசையுமிடத்து விலக்களித்திருப்பதும் இவ்விரு உலகங்களும் ஒரே நாட்டில் இருப்பதனாலேயே. நம் நகரங்களில் முறைமணத்தை விரும்பாத குடும்பங்களிலும் சொல் தன் பழம்பொருளை இழக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆகவே 'மாமன் மகள்' என்பது சொல்லளவில் மிகச் சரியான, கதையளவில் மிகத் தவறான மொழிபெயர்ப்பு. தடை மறைகிறது, தடையின் மேல் எழுந்த மறைபொருளும் பொருளற்றுப் போகிறது.

உறவையே மாற்றி, சம்பாவைப் பெரியம்மா மகளாக்கிவிடலாம் என்று சிலர் கருதக்கூடும். மேற்பார்வைக்கு இது அழகிய தீர்வு, எனினும் ஏற்கத்தக்கதன்று. பூசை நடப்பது பாருலின் பிறந்தகத்தில். அங்கே அவள் விருந்தாளி, தமையன் மகளோ அவ்வீட்டுப் பெண். தமையனைத் தமக்கையாக்கினால் பாருல் தாய்வீடு திரும்பும் கதையின் கட்டமைப்பே குலையும். சம்பாவை வெறுமனே 'உறவுக்காரப் பெண்' என்று மங்கலாக்குவது அதனினும் மோசம். வாசகர் தாமே ஒரு முறையை ஊகித்துக்கொள்வார், பெரும்பாலும் தவறாக.

என் கருத்தில், 'மாமன் மகள்' என்பதை விலக்காமல், கதையின் தொடக்கத்திலேயே ஒரு முதியவரின் வாய்மொழியில் "மாமன் பிள்ளையானாலும் நமக்குத் தங்கைதானே" என்பது போன்ற ஒரு தொடரை அமைப்பதே தக்கது. மூலத்தில் இல்லாத தொடர் என்று குறைகூறுவோர் உண்டு. ஆயினும் அது மூலத்தில் உள்ளது. 'போன்' என்னும் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இடைச்செருகல் என்று இதனை ஒதுக்குவோர், அதே பொருளை அடிக்குறிப்பில் ஐந்து வரியாக எழுதத் தயங்குவதில்லை. காதற்கதையின் நடுவே கண்ணை அடிக்குறிப்புக்கு இறக்கும் வாசகர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

விளிப்பெயர்களும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. வங்கமொழியில் ஆப்னி, துமி, துய் என முன்னிலை மூன்று படிகள் கொண்டது. 'துய்' என்று அழைத்து ஒன்றாக வளர்ந்த இருவர் காதலராகும்போது பெரும்பாலும் 'துமி'க்கு ஏறுகின்றனர். மரியாதை கூடுவதுபோல் தோன்றும் மாற்றம் அங்கே நெருக்கத்தின் அடையாளம். பிரிந்தவர் 'ஆப்னி'யில் நின்று பேசிப் பின் 'துமி'க்கு இறங்குவதும் உண்டு. 'நீ', 'நீங்கள்' என்னும் இரண்டைக் கொண்டு இவ்விரு அசைவுகளையும் காட்டுவது கடினம். நேற்றுவரை 'நீ' என்றவள் மணமானதும் கணவனை 'நீங்கள்' என்னும் தமிழ் வழக்கு முன்னதற்கு ஓரளவு உதவும். ஆனால் அதில் காதலைவிடப் பணிவே மிகுதி.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேர்கிறது. பெயரின் பின்வரும் '-தா' என்னும் ஒட்டு 'தாதா' என்பதன் குறுக்கம். அதனை ஒவ்வோரிடத்திலும் 'அண்ணா' என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. வங்கப் பெண் கல்லூரியில் மூத்த மாணவனையும், அண்டைவீட்டு இளைஞனையும் '-தா' சேர்த்து அழைப்பாள். பின்னர் அவனையே மணந்தாலும் யாரும் வியப்பதில்லை. தமிழில் 'அண்ணா' என்று விளித்தவனை அவள் மணந்தால் கதை வேறாகிவிடும். 'மாமன் மகள்' இருந்த தடையை அழிப்பதுபோல், இந்த 'அண்ணா' இல்லாத தடையைப் படைக்கிறது. ஒரே கதையில் இவ்விரண்டும் நேர்ந்தால், தடுக்கப்பட்ட காதல் இயல்பானதாகவும் இயல்பான காதல் தடுக்கப்பட்டதாகவும் தமிழ் வாசகரை வந்தடையும்.