போதும் என்று சொல்வது யார்?

‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்பார்கள். இந்த மருந்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு படி நெல் கூடக் கேட்டு நிற்கிற கூலியாளுக்குத் தவறாமல் கிடைக்கிறது. பத்து வேலி நிலத்தை வைத்துக்கொண்டு பதினோராவது வேலிக்கு அலைகிறவருக்கு இதுவரை யாரும் ஒரு வேளைகூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை. மருந்து நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். சீட்டு எழுதுகிற கை யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு ஆங்கிலக் கற்பனாவாதக் கவிதைக்குள் நுழைகிறேன். தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ‘உங்க தெருவப் பத்தி எழுதுங்க, அது போதும்’ என்கிற குரல் அது. அந்தக் குரலுக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பு இருக்கிறது. பிறகு வருகிறேன்.

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் 1807இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட கவிதைகளில் ஒரு சானெட் உண்டு. மடத்து அறையில் கன்னியாஸ்திரீ, குடிலில் துறவி, படிப்பறையில் மாணவர், ராட்டையில் பெண், தறியில் நெசவாளி என்று வரிசையாகச் சிலரைக் காட்டுகிறார். இடம் சின்னது என்று இவர்களில் யாருக்கும் குறையில்லையாம். மலையுச்சிவரை பறக்கத் தெரிந்த தேனீயும் ஒரு பூவுக்குள்ளேயே மணிக்கணக்கில் முனகிக்கொண்டு கிடக்கிறதாம். தானாகப் போய் அடைந்துகொண்ட இடத்தைச் சிறை என்று சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம். 14 அடிக்குள் அடங்க வேண்டிய சானெட்டையும் அப்படித்தான் பார்க்கிறார். அது அவருக்கு ஒரு துண்டு நிலம். சுதந்திரம் கூடிப்போய் அதுவே பாரமானவர்கள் அங்கே வந்து கொஞ்சம் இளைப்பாறலாம்.

யாப்பைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டால் இதில் உண்மை இருக்கிறது. தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு, கட்டுப்பாடே சொல்லைக் கூர்மையாக்கும் என்பது தெரியும். சிக்கல் அந்த வரிசையில் இருக்கிறது. கன்னியாஸ்திரீ விரதம் ஏற்று உள்ளே போனவர். துறவி ஊரை வேண்டாம் என்றவர். மாணவர் நாளைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வரலாம். நெசவாளி? அவர் தறிக்குழியில் உட்கார்ந்தது விரதமா, வயிறா? கவிதை அவரைச் சந்தோஷமாக உட்கார வைத்துவிட்டது. அடுத்த ஆண்டே, 1808இல், இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்ற மசோதாவைப் பாராளுமன்றம் ஏற்க மறுத்தது. மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் திரண்டார்கள். படை வந்து கலைத்தது. ஒரு நெசவாளி செத்தார். தறியில் இருந்தவர்களுக்குப் போதவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. தானாக அடைந்துகொண்டால்தான் அது சிறையில்லை என்ற அளவுகோல் கவிஞர் கொடுத்தது. அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், அவர் காட்டும் நெசவாளி அந்த வரிசையில் நிற்க முடியாது.

அதே 1807 தொகுதியில் அட்டை பிடிக்கும் கிழவரைப் பற்றிய கவிதை இருக்கிறது. ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் பலருக்கும் அறிமுகமான கவிதை. எதிர்காலத்தை நினைத்துக் கலங்கி நடக்கிற கவிஞர், பாழ்வெளியில் ஒரு குட்டையோரம் தள்ளாத கிழவரைப் பார்க்கிறார். பிழைப்பு எப்படி என்று கேட்கிறார். கிழவர் பதில் சொல்கிறார். முன்பு போல அட்டை கிடைப்பதில்லை, இருந்தும் விடாமல் தேடுகிறேன் என்கிறார். கவிஞரோ பாதியிலேயே தன் நினைப்பில் மூழ்கி, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறார். கடைசியில் கிழவரின் மன உறுதியைப் பார்த்துத் தன் கவலைக்காக வெட்கப்பட்டுத் தெம்பாகிறார்.

அந்தக் கிழவரை அண்ணனும் தங்கையும் உண்மையிலேயே சந்தித்திருக்கிறார்கள். தங்கை டாரதி 1800 அக்டோபரில் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வண்டி ஓட்டும்போது விபத்தாகிக் கிழவருக்குக் கால் முறிந்திருக்கிறது, மண்டை உடைந்திருக்கிறது. பத்துப் பிள்ளைகளில் ஒன்றுதான் மிச்சம். அட்டை அருகிப்போனதால் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். அன்றைக்குப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டு வருஷம் கழித்துக் கவிதை எழுதியபோது பிச்சை போய்விட்டது, வண்டியும் முறிந்த காலும் போய்விட்டன. விட்ட தொழில் திரும்ப வந்துவிட்டது. நடந்ததை மாற்ற எந்தக் கவிஞருக்கும் உரிமை உண்டு. மாற்றியதில் எது விழுந்தது என்று பார்க்க நமக்கும் உரிமை உண்டு. கையேந்தி நின்றவர், கவிஞருக்குத் தைரியம் கொடுக்கிறவராக ஆகிவிட்டார். ஏழையின் பொறுமை கவிஞருக்கு டானிக்.

வேர்ட்ஸ்வொர்த்தை ஒரேயடியாகத் தள்ளுவது சோம்பேறித்தனம். 1798இல் கோலரிட்ஜோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தொகுப்பில்தான் பிச்சைக்காரியும் பைத்தியக்காரப் பையனின் தாயும் கேலிப்பொருளாக இல்லாமல் ஆங்கிலக் கவிதைக்குள் மரியாதையோடு நடந்து வந்தார்கள். 1800இல் எழுதிய ‘மைக்கேல்’ கவிதையில் ஆடு மேய்க்கும் கிழவர் மகனையும் இழக்கிறார், அவர் காலத்துக்குப் பின் நிலமும் அந்நியர் கைக்குப் போகிறது. அங்கே ‘போதும்’ என்கிற உபதேசம் இல்லை. கட்டி முடிக்காத பட்டிதான் மிஞ்சுகிறது. ஆனால் 1813இல் பெருநிலக்கிழார் ஒருவரின் தயவில் அரசாங்க முத்திரைத்தாள் விநியோகப் பதவி கிடைத்த பிறகு, எல்லை போடும் கை மெல்ல அவருடைய கையாகவே ஆகிறது. 1844இல் விண்டர்மியருக்கு ரயில் வருவதை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். தொழிலாளிகள் கூட்டமாக வந்து பார்ப்பதால் அவர்களுக்குப் பயனில்லை, அந்த ரசனை மெதுவாகத்தான் வளரும் என்று வாதாடினார். ஏரியும் மலையும் அவருக்கு. தொழிலாளிக்கு அவன் தெருவே போதும்!

இதே காலத்தில் வேறொரு குரல் இருந்தது. ஜான் க்ளேர், 1793இல் நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டனில் பிறந்தவர். அப்பா கதிரடிக்கும் கூலி. இவரும் பண்ணைக் கூலி. 1809இல் அந்த ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் வேலியடைப்புச் சட்டம் வந்தது. பொது மேய்ச்சல் நிலம் பட்டா நிலமானது. மாடு மேய்த்த இடம், சுள்ளி பொறுக்கிய இடம், குறுக்கே நடந்த ஒற்றையடிப் பாதை எல்லாம் வேலிக்குள் போயின. அந்த வேலிக்குச் செடி நடுகிற வேலைக்கே க்ளேர் கூலிக்குப் போனார். தன்னைத் தடுக்கும் எல்லையைத் தன் கையாலேயே நட வேண்டிய நிலை. வேர்ட்ஸ்வொர்த்துக்குத் துண்டு நிலம் என்பது உவமை. க்ளேரின் ஊரில் அது சர்வே எண்.

அவருடைய முதல் புத்தகம் 1820இல் வந்து நன்றாக விற்றது. ‘குடியானவக் கவிஞர்’ என்று லண்டன் கொண்டாடியது. பணக்காரர்களைச் சாடிய சில வரிகளை நீக்கச் சொல்லி ராட்ஸ்டாக் பிரபு அழுத்தம் கொடுத்தார். அடுத்தடுத்த பதிப்புகளில் அவை நீங்கின. குருவியைப் பாடு, கொடுத்தவருக்கு நன்றியோடு இரு, வேலியைப் பற்றிப் பேசாதே. ‘உங்க தெருவப் பத்தி எழுதுங்க, அது போதும்’ என்ற குரலை இங்கேதான் அடையாளம் கண்டேன். நம் துயரத்தை வாங்கிக்கொள்வார்கள்; நம் தீர்ப்பை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வேலியடைப்பை நேராகத் தாக்கி க்ளேர் எழுதிய ‘தி மோர்ஸ்’ கவிதை அவர் உயிரோடிருந்தவரை அச்சாகவில்லை. வழி மறித்துத் தொங்கும் அறிவிப்புப் பலகையின் கதை அதில் இருக்கிறது.

க்ளேரை நம்மவராக ஆக்கிவிட நான் வரவில்லை. அவருக்கு வேலி நிலத்தில் இருந்தது, பிறப்பில் இல்லை. அவர் தொட்ட தண்ணீரை யாரும் கொட்டவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே புரியாது.

க்ளேரிடமும் நிறைவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். இராப்பாடியின் கூட்டைப் பற்றிய அவர் கவிதையில், புதருக்குள் வாசகரைச் சத்தமில்லாமல் கூட்டிப்போகிறார். கூட்டில் எந்த இலை, எந்தப் பாசி, எத்தனை முட்டை, அவற்றின் நிறம் என்ன என்று காட்டிவிட்டு, பறவை பயப்படுகிறது என்று திரும்பி வந்துவிடுகிறார். எடுத்துக்கொள்ளாமல் பார்ப்பதில் வரும் நிறைவு அது. இருக்கிறதை ரசிப்பதும் பறிகொடுத்ததைக் கேட்பதும் அவரிடம் சண்டை போடவில்லை. கூட்டைத் தெரிந்தவருக்குத்தானே புதரை வெட்டியவன் யார் என்று கேட்கிற கோபம் வரும்?

1837இல் மனநோய் விடுதி. 1841இல் அங்கிருந்து தப்பி, ரோட்டோரப் புல்லைத் தின்றுகொண்டு ஏறத்தாழ 80 மைல் நடந்தே வீடு வந்தார். அதே ஆண்டுக் கடைசியில் மறுபடி அடைத்தார்கள். 1864இல் விடுதியிலேயே இறந்தார். அங்கேயும் எழுதினார். அந்த அறைக்குள் அவர் எழுதியதைக் காட்டி, குறுகிய இடமே நல்ல கவிதையைக் கொடுக்கிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து சாவி யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.

க்ளேரும் நூற்றுக்கணக்கில் சானெட் எழுதியவர். 1830களில் எழுதியவற்றில் மரபான எதுகை அமைப்பை விட்டுவிட்டு இரண்டிரண்டு அடிகளாகக் கோத்துக்கொண்டு போனார். நிறுத்தற்குறி போடவில்லை, வட்டார வழக்கை விடவில்லை. 14 அடி என்ற எல்லையை மட்டும் வைத்துக்கொண்டார், அது தேவைப்பட்டதால். நம் எழுத்தாளர்களுக்கும் எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே நிற்பது என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும்.