இழந்த தசையும் எஞ்சிய தசையும்

மாரடைப்பில் இதயத் தசை மடியும்போது, அதன் சுருங்கும் இழைகளிலுள்ள ட்ரோபோனின் என்னும் புரதம் குருதியில் கசிகிறது. கசியும் அளவு மடிந்த தசையின் அளவை ஒட்டியிருப்பதால், நோயைக் கண்டறிய வந்த சோதனையே, இதயம் பிற்பாடு எவ்வளவு வலுவோடு இயங்கும் என்பதைக் கணிக்கவும் பயன்படலாயிற்று. எனினும் உச்ச அளவை அப்படியே நம்புவதற்கில்லை. அடைபட்ட நாளம் மருந்தாலோ ஆஞ்சியோபிளாஸ்டியாலோ திறந்ததும், தேங்கிய புரதம் ஒருசேர அடித்துவரப்படுவதால், காப்பாற்றப்பட்ட இதயமும் பேரிழப்புற்றதுபோல் தோன்றும். மூன்றாம், நான்காம் நாள்களின் ட்ரோபோனின்-டி அளவே எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் தழும்பின் பரப்போடு நன்கு பொருந்துகிறது.

வடசென்னையின் வியாசர்பாடி வட்டாரத்துக்கு இதய மருத்துவம் புதிதன்று. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே. எம். செரியன் 1975-இல் செய்தது அடுத்துள்ள பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில்தான். ஆயினும் அங்கு, நெஞ்சுவலியை வாய்வென்று எண்ணிச் சோடா குடித்துவிட்டுத் தாமதமாக வரும் நோயாளிக்கு வலி தொடங்கிய மணி நினைவிருப்பதில்லை. மூன்றாம் நாளில் ட்ரோபோனின் அளவு ஏறத்தாழச் சமநிலையில் நிற்பதால் சில மணி நேரப் பிழையை அது தாங்கும். வந்தவுடன் எடுத்த ஒற்றை அளவு தாங்காது. கோடு விழுந்ததா இல்லையா என்று மட்டும் காட்டும் கார்டு சோதனையைக் கொண்டு எதிர்காலம் கூறுவதோ சோதிடமேயாகும்.

ஆழமான குறை வேறு. ட்ரோபோனின் அளப்பது இம்முறை இழந்ததையே. முந்தைய மாரடைப்பின் பழைய தழும்பு அதற்குத் தெரியாது என்பதால், ஏற்கெனவே நலிந்த இதயத்தில் நேரும் சிறு சேதமும் ஆறுதலான எண்ணாகவே வரும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் மாரடைப்பின்றியே அளவு உயர்ந்திருக்கக்கூடும். அறைச் சுவர் விரிந்து இறுகும்போது சுரக்கும் என்.டி.-புரோ-பி.என்.பி. என்னும் மற்றொரு குருதிக் குறியீடு, இதயத்தின் தற்போதைய சுமையைக் காட்டுவதால் இயக்கத்துக்கு நெருக்கமானது. அதையும் முதுமையும் சிறுநீரகக் கோளாறும் உயர்த்த, உடற்பருமன் தாழ்த்துகிறது.

எக்கோ பரிசோதனையும் முதல் நாள்களில் ஏமாற்றக்கூடியதே. உயிரோடிருந்தும் சுருங்காமல் மலைத்து நிற்கும் தசை மீள வாரங்கள் ஆகும். திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்தும் முடிவை 40 நாள்களேனும் தள்ளிவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குருதிச் சோதனையின் உண்மையான மதிப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: எக்கோவில் சுருக்கம் மோசமாகவும் மூன்றாம் நாள் ட்ரோபோனின் குறைவாகவும் இருந்தால், பழைய தழும்பில்லாதவரிடம் மீட்சியை எதிர்பார்க்கலாம், இரண்டும் மோசமெனில் எதிர்பார்ப்பு சுருங்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் ஆறாம் வார எக்கோவுக்கு ஒரு நாள் கூலியை இழந்து வரவேண்டியிருக்க, இந்தச் சோதனைக்கான குருதியோ அவர் கட்டிலில் இருக்கும்போதே எடுக்கப்படுகிறது; ஆகவே வாராதவர்களுள் யாரை முதலில் தேடி அழைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்க அந்த எண் தகும், அவர் மீண்டும் மூட்டை தூக்கலாமா என்பதைத் தீர்மானிக்கத் தகாது.