தங்கம் யார் செய்தது? ரெடிகுலம் 2 சொன்னதும் நாம் கேட்டுக்கொண்டதும்

"உங்க மோதிரத்துல இருக்கிற தங்கம் ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதினதால பிறந்தது." இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு அறிவியல் வீடியோவில் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2016-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ஜி, அன்னா ஃப்ரெபெல், அனிருத் சிட்டி, ஜோஷ்வா சைமன். அருமையான கட்டுரை. ஆனால் அது நிரூபித்தது ஒன்று, நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இன்னொன்று.

முதலில் கேள்வி என்னன்னு பார்ப்போம். இரும்பு வரையிலான தனிமங்களை நட்சத்திரங்கள் அணுக்கரு இணைவு மூலம் சமைத்துவிடும். அதைவிடக் கனமானவை பெரும்பாலும் நியூட்ரான்களை விழுங்கித்தான் உருவாகின்றன. இதில் மெதுவான வழி, வேகமான வழி என்று இரண்டு உண்டு என்பது 1957-லேயே தெளிவாகிவிட்டது. தங்கம், யூரோப்பியம் போன்றவை பெரும்பாலும் வேகமான வழியில் வருபவை. அது எங்கே நடக்கிறது? ஒவ்வொரு சாதாரண சூப்பர்நோவாவும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறதா, இல்லை அபூர்வமான ஏதோ ஒன்று மொத்தமாகக் கொட்டுகிறதா?

நம் பால்வீதியில் இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கல்யாண வீட்டு அண்டாவில் பத்துப் பேர் உப்பு போட்டபின் யார் எவ்வளவு போட்டார் என்று கேட்கிற கதைதான். மிகச் சிறிய கேலக்ஸிகள் அப்படியில்லை. அவற்றில் நட்சத்திரப் பிறப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. சமைத்த கைகளும் குறைவு.

ரெடிகுலம் 2 அப்படியொரு குட்டி கேலக்ஸி. 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது, தூரம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. சிலேயில் உள்ள மெகெல்லன் தொலைநோக்கி மூலம் அதன் பிரகாசமான 9 நட்சத்திரங்களை ஆராய்ந்தார்கள். அதில் 7-ல் இந்தக் கனமான தனிமங்கள், இதே வகையைச் சேர்ந்த மற்ற கேலக்ஸிகளைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை அதிகம். பத்தில் ஒன்றில் மட்டும் இப்படிக் குவிந்திருக்கிறது. சாதாரண சூப்பர்நோவாதான் காரணம் என்றால் பத்திலுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கணும். ஆக, நடந்தது அபூர்வமான, பெரிய ஒரு நிகழ்வு. இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். 9 நட்சத்திரம் போதுமா என்று கேட்கலாம். 2023-ல் ஜி தலைமையில் இன்னும் அதிக நட்சத்திரங்களைப் பார்த்தபோதும் சுமார் 72 சதவீதம் அப்படித்தான் இருந்தன.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். கட்டுரை எண்ணியது "எத்தனை முறை" என்பதை. "யார்" என்பதை அல்ல. தலைப்பே 'ஒற்றை நிகழ்வு' என்றுதான் சொல்கிறது. நியூட்ரான் நட்சத்திர மோதலைப் பொருந்திப்போகும் ஒரு சாத்தியமாகத்தான் சுருக்கத்தில் குறிப்பிடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் லைகோவும் விர்கோவும் அப்படியொரு மோதலை ஈர்ப்பலைகளில் பிடித்தபிறகு, நாம் இரண்டையும் ஒட்டிவிட்டோம். மோதல்கள் கனமான தனிமங்களைச் செய்யும் என்பதற்கு அது ஆதாரம். ரெடிகுலம் 2-ல் நடந்ததும் மோதல்தான் என்பதற்கு அல்ல.

மோதல் வாதத்துக்கு இங்கே இரண்டு நெருக்கடி. ஒன்று நேரம்: ஜோடி சுற்றிச் சுற்றி நெருங்கி மோத, பெரும்பாலும் நீண்ட காலம் பிடிக்கும், குட்டி கேலக்ஸியிலோ நட்சத்திரப் பிறப்பு அதற்குள் முடிந்துவிடலாம். இன்னொன்று உதை: சூப்பர்நோவாவில் பிறக்கும் நியூட்ரான் நட்சத்திரம் வினாடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் தூக்கி எறியப்படலாம். ரெடிகுலம் 2-ன் நட்சத்திரங்களின் வேக வேறுபாடோ வினாடிக்கு 3 கி.மீ. சொச்சம்தான். அவ்வளவு பலவீனமான ஈர்ப்பு அந்த ஜோடியைப் பிடித்து வைக்குமா? மெல்ல உதைபட்டு, சீக்கிரம் மோதும் ஜோடிகளும் உண்டு என்பது பதில். ஏற்கத்தக்கதுதான், ஆனால் முடிவான பதில் இல்லை.

போட்டியாளர்களும் இருக்காங்க. வேகமாகச் சுழலும் பெருநட்சத்திரம் கருந்துளையாகச் சரியும்போதும் இதே வேலை நடக்கும் என்று 2019-ல் சீகல், பார்ன்ஸ், மெட்ஸ்கர் மூவரும் வாதிட்டார்கள். அதுவும் அபூர்வம், அள்ளிக் கொடுப்பது, காத்திருக்கவும் தேவையில்லை. 2004-ல் ஒரு மாக்னெட்டார் வெடித்த பதிவை மறுபடி அலசி, அங்கேயும் கொஞ்சம் உருவானது என்று 2025-ல் ஒரு ஆய்வு சொன்னது.

இன்னொரு விஷயம். ரெடிகுலம் 2-ல் அளந்தது யூரோப்பியம், பேரியம் போன்றவற்றை, தங்கத்தை அல்ல. தங்கத்தின் முக்கியமான நிறமாலைக் கோடுகள் புற ஊதாவில் இருக்கு, பிடிப்பது கடினம். 2017 மோதலின் ஒளியிலும் 2019-ல் அடையாளம் காணப்பட்டது ஸ்ட்ரான்சியம். தங்கம் என்பது நல்ல அனுமானம், அவ்வளவுதான்.

இதை நுணுக்கம் பிடித்த குறையாகப் பார்க்க வேண்டாம். "தீர்ந்துவிட்டது" என்று சொன்னால், அடுத்த குட்டி கேலக்ஸியில் என்ன தேடணும் என்பதே மறந்துவிடும். நிகழ்வு நட்சத்திரப் பிறப்பின் தொடக்கத்திலேயே நடந்ததா, தாமதமாகவா? அதுதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். சிலேயில் வேலை தொடங்கியிருக்கும் வேரா ரூபின் ஆய்வகம் இப்படிப்பட்ட மங்கலான கேலக்ஸிகளை நிறையத் தேடித் தரும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதில் இன்னொரு ரெடிகுலம் கிடைத்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி "எப்போது?" என்பதுதான்.