சட்டியும் கிட்டாரும்

கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றினால் எது எதை விழுங்கும்? 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கேட்கப் போகிறவருக்கு முதலில் எழும் ஐயம் இதுதான். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லாட்சிதான் பெயருக்கு மூலம். சபாக்களில் மார்கழிக் கச்சேரி களைகட்டியிருந்த பருவத்தில், வடசென்னையின் குரல்கள் கோட்டு சூட்டோடு வந்து நின்றன. அங்கே எதுவும் எதையும் விழுங்கவில்லை. கிட்டார் தன் முழு முறுக்கோடு ஒலித்தாலும் பாட்டின் தரை கானாவாகவே இருந்தது. இக்குழுவின் வெற்றி முழுவதும் அந்தத் தரையில்தான் ஊன்றி நிற்கிறது.

கானாவும் ராப்பும் ஒட்டவைக்கப்பட்டவை அல்ல, உறவுக்காரர்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாக்காரர் ராகத்தை விரிப்பதைவிட வரியைப் பேச்சாக உதிர்ப்பதில்தான் வித்தை காட்டுவார். எதுகையில் பிடித்து இயைபில் விடுவார்; எதிரே இருப்பவரைப் பார்த்து அந்த நேரத்திலேயே வரி கட்டுவார். ராப் கலைஞரின் மூலதனமும் இதுவே. தாளத்தில்தான் உண்மையான சவால். கானாவின் குத்து பெரும்பாலும் மும்மூன்றாகத் துள்ளும். ராக் டிரம்ஸ் பெரும்பாலும் நாலு நாலாக மிதிக்கும். பறையும் சட்டி என்னும் மேளமும் துள்ளலை விடாமல் பிடித்திருக்க, டிரம்ஸ் அதற்கு இறங்கி வந்து கனம் சேர்க்கும்போது, காதுக்கு முன்பே கால் ஒப்புக்கொண்டுவிடுகிறது.

'இது பிரச்சாரம், இசையல்ல' என்பவர்கள் உண்டு. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, சாதி என்று பாடுவதால் பாட்டு முழக்கமாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். பொருள் கனமாக இருப்பது குறையென்றால் சித்தர் பாடல்களையும் நாம் ஒதுக்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, கருத்து தாளத்தில் கரைந்திருக்கிறதா என்பதே. ஆண்களே கோலோச்சிய கானாவில் இக்குழுவின் பாடகி இசைவாணி பாடும்போது விடை கிடைக்கிறது. வாதத்துக்குத் தலையாட்டாதவரையும் அந்தக் குரலின் துணிவு நிறுத்திக் கேட்கவைக்கிறது. 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றது அந்தக் குரல் போய்ச் சேர்ந்த தொலைவுக்குச் சான்று.

இன்னொரு வாதம் கனமானது. தமிழ்நாட்டில் பெரிய வெற்றிக்குச் சினிமாதான் வாசல். தனியாள் அதில் நுழைந்துவிடலாம், பேட்டை மொழி பேசும் குழு நுழைவது கடினம். இக்குழுவில் ராப் பாடிய அறிவின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது 2021-இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அது குழுவின் பாட்டல்ல. ஆனால் அது படப்பாட்டும் அல்ல. பாட்டியின் ஒப்பாரியையும் மண் இழந்த கதையையும் சுமந்த பாட்டு, வட்டார வழக்கைச் சலவை செய்யாமலே கோடிக்கணக்கானோரைத் தொட்டது. ஆகவே குழுவுக்குக் குறைவது பொதுவான மொழியல்ல, தொடர்ந்து கிடைக்கும் மேடை. 'மார்கழியில் மக்களிசை' போன்ற விழாக்கள் அதைத் தர முயல்கின்றன. பேட்டைப் பேச்சை மழித்துக்கொண்டு வெளியே போகும் குழுவை எந்த ஊரும் தன்னுடையதாக எண்ணாது. சட்டியின் சத்தத்தோடு போகும் குழுவைத்தான் வெளியூர்க்காரரும் ஊர் பேர் கேட்டு வரவேற்பார்.