குடும்பத்தின் பணிப்பட்டியலில் விடுபட்டது

குடும்பம் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, கிடைக்கும் விடையைக் கொண்டே குடும்பத்தை விளக்குவது செயற்பாட்டுக் கோட்பாட்டின் வழி. 1949இல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 250 சமூகங்களின் தரவுகளை ஒப்பிட்டு, குடும்பம் இல்லாத சமூகமே இல்லை என்றும், பாலுறவு, இனப்பெருக்கம், பொருளாதாரம், கல்வி என்ற நான்கு பணிகளை அது எங்கும் செய்கிறது என்றும் முடிவுகட்டினார். 1955இல் டால்காட் பார்சன்ஸ் பட்டியலை இரண்டாகக் குறைத்தார்: பிள்ளையைச் சமூகத்துக்கு ஏற்றவராக வளர்ப்பது, பெரியவர்களின் மனத்தை நிலைப்படுத்துவது. உற்பத்தி ஆலைக்கும், படிப்பு பள்ளிக்கும், நோய் மருத்துவமனைக்கும் போய்விட்டதால் மிஞ்சியவை இவ்விரண்டே என்பது அவர் கணக்கு. கேரள நாயர் குடும்பங்களை ஆராய்ந்த கேத்லீன் கஃப், மர்டாக்கின் ‘எங்கும்’ என்பதை 1959இலேயே ஆட்டங்காண வைத்துவிட்டார். ஆனாலும் சமூகவியல் வகுப்பில் குடும்பம் அறிமுகமாவது இன்னும் அந்தப் பட்டியலோடுதான்.

வகுப்புக்கு வெளியிலும் அதன் செல்வாக்கு குறையவில்லை. 2024இல் தமிழ்த் திரைத்துறையைச் சேர்ந்த ஒருவர், ஆணவக் கொலை வன்முறை அல்ல, பெற்றோரின் அக்கறை என்று பேசினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. பார்சன்ஸ் கேட்டிருந்தாலும் முகம் சுளித்திருப்பார். ஆனால் அந்தப் பேச்சை மறுக்க அவருடைய கோட்பாட்டில் என்ன இருக்கிறது என்று தேடினால் அதிகம் அகப்படாது.

கோட்பாட்டின் பலத்தை மறுப்பதற்கில்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் களிமண் கூழை அச்சில் ஊற்றி அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் சிறு பட்டறைகளை எடுத்துக்கொள்ளலாம். கார்த்திகைக்கும் நவராத்திரிக்கும் முன்பு வேலை குவியும், பிறகு வடியும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு வைப்பு நிதியோ ஓய்வூதியமோ எட்டாக்கனி. வேலையில்லா மாதங்களில் சோறு போடுவதும், மருத்துவச் செலவுக்கு நகையை அடகு வைப்பதும், பேறுகாலம் பார்ப்பதும் குடும்பமே. மேல்மட்டத்திலும் இதுதான் நிலை: சென்னையில் 19 தொழிலதிபர் குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் எழுதிய மில்டன் சிங்கர், ஆலை வந்தால் கூட்டுக்குடும்பம் உடையும் என்ற கணிப்பு அங்கே பொய்த்ததைக் காட்டினார். பணிப்பட்டியல் பொய்யானதல்ல.

பட்டியல் எந்த அலகை வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் கோளாறு. பார்சன்ஸின் குடும்பம் கணவன், மனைவி, பிள்ளைகள். அதைச் சுற்றி நேரடியாகச் ‘சமூகம்’. தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய அமைப்பு நிற்கிறது: பங்காளி, மாமன் மச்சான், அவர்களைச் சூழ்ந்த சாதி. யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதே திராவிட உறவுமுறைச் சொற்களின் உள்ளமைப்பு என்று 1953இல் லூயி துய்மோன் காட்டினார். அதற்கும் முன்பு, 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர் அகமணத்தில், அதாவது சாதிக்குள்ளேயே மணமுடிப்பதில், இருக்கிறது என்று அம்பேத்கர் நிறுவியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், மர்டாக்கும் பார்சன்ஸும் தவறவிட்ட பணி தெரியும். குடும்பம் சாதியின் எல்லைக்காவல். பிள்ளை வளர்ப்பு, மன நிலைப்பாடு என்பவற்றோடு இதை மூன்றாவதாகச் சேர்த்தால் போதாது. மற்ற இரண்டும் எப்படி நடக்கவேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் நடந்தது இதற்குச் சான்று. வன்னியர் குடும்பத்துக் கண்ணகியும், அதே ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்து வேதிப் பொறியியல் முடித்த முருகேசனும் அந்த ஆண்டு மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் இருவருக்கும் ஊரார் பார்க்க நஞ்சு புகட்டி உடல்களை எரித்தார்கள். அவளுடைய தந்தையும் அண்ணனும் குற்றவாளிகளில் அடக்கம். இரு தரப்பு உறவினரும் சேர்ந்து கொன்றதுபோல் முதலில் வழக்கு ஜோடிக்கப்பட்டது. பிறகுதான் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021இல் வந்தது. தண்டனை பெற்றவர்களில் இருவர் காவல்துறை அதிகாரிகள். அண்ணனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2022இல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

செயற்பாட்டுக் கோட்பாடு இதை எங்கே வைக்கும்? அமைப்புக்குக் கேடு செய்யும் விளைவைக் குறிக்க ராபர்ட் மெர்ட்டன் ‘பிறழ்செயற்பாடு’ என்ற கருத்தைச் சேர்த்தார் என்பார்கள். அந்தப் பெட்டியில் போட்டுவிடலாம் என்பார்கள். போட முடியாது. அந்தக் குடும்பத்தில் எதுவும் பிறழவில்லை. பிள்ளையைத் தன் சமூகத்துக்கு ஏற்றவளாக வளர்த்தார்கள். மீறியபோது உறவும் ஊரும் திரண்டன. ஒரு கட்டத்தில் காவல் நிலையமும் துணைக்கு வந்தது. பார்சன்ஸ் போற்றிய ஒருங்கிணைப்பு இதைவிடக் கச்சிதமாக வேறெங்கும் நடந்திருக்காது. குடும்பம் தோற்றதற்கும் வென்றதற்கும் வேறுபாடு காட்ட முடியாத கோட்பாட்டிடம் கொலையைக் குற்றம் என்று சொல்லச் சட்டப்புத்தகம் இருக்கலாம், சமூகவியல் இல்லை.

பழுதின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கோட்பாடு சேவைகளை எண்ணுகிறது, அவற்றை நிறுத்திவிடும் அதிகாரத்தை எண்ணுவதில்லை. விளக்குப் பட்டறைத் தொழிலாளிக்குக் குடும்பமே காப்பீடு என்பது உண்மையானால், குடும்பத்தை மீறுபவர் இழப்பது பாசத்தை மட்டுமல்ல. வீடு, அவசரக் கடன், பிள்ளை பெற்றால் பார்க்கத் தாய், செத்தால் தூக்கப் பங்காளி எல்லாம் ஒரே நாளில் போகும். அணைக்கும் கைதான் கழுத்தையும் பிடிக்கிறது. கத்தியும் நஞ்சும் தேவைப்படுவது அரிது. விலக்கிவைத்துவிடுவார்கள் என்ற அச்சமே பெரும்பாலான காதல்களை முடித்துவைக்கிறது. அவை எந்தக் குற்றப் பதிவேட்டிலும் வருவதில்லை. 2011–12இல் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு. மிச்சமிருப்பவை எல்லாம் மனமொத்த ஏற்பாடுகள் என்று செயற்பாட்டுக் கோட்பாட்டாளர் படிப்பார். வெளியேறும் விலையைக் கணக்கில் சேர்க்காதவருக்கு அப்படித்தான் தெரியும்.

இலக்கியம் இதை முன்பே கண்டுகொண்டது. விருத்தாசலத்தில் வாழும் இமையம் 2012இல் எழுதிய ‘பெத்தவன்’ குறுநாவலில், மகளைக் கொல்லச் சொல்லும் கட்டளை ஊரிலிருந்து வருகிறது. நிறைவேற்ற வேண்டியவர் தகப்பன். அவர் மகளைத் தப்பவைத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொள்கிறார். குடும்பம் அங்கே ஊரின் கையாக இருக்கப் பணிக்கப்படுகிறது, மறுத்தால் அந்தக் கைக்கே தண்டனை. பார்சன்ஸின் சட்டகத்தில் இந்தத் தகப்பனுக்கு இடமில்லை. பாத்திரத்தை ஒழுங்காக ஆற்றத் தவறியவர் என்றுதான் பதிவாவார்.

மாற்றுக் கோட்பாடுகள் இந்த இடைவெளியை ஓரளவே அடைக்கின்றன. 1884இல் எங்கெல்ஸ் ஒருதாரக் குடும்பத்தின் தோற்றத்தைச் சொத்தோடு இணைத்தார். நிலமுள்ள வீடுகளுக்கு அது பொருந்தும். குழி நிலம்கூட இல்லாத கூலி வீடும் ஏன் அதே கடுமையோடு பெண்ணைக் காக்கிறது என்பதற்கு அதில் விடையில்லை. வீட்டு வேலையை உழைப்பாகக் கணக்கிட்ட ஆன் ஓக்லி போன்ற பெண்ணியரால், பகலெல்லாம் அச்சுப் பட்டறையிலும் மாலையில் அடுப்படியிலும் நிற்கும் விருத்தாசலத்துப் பெண்ணை நன்றாக விளக்க முடிகிறது. சம்பாதிப்பவன் ஆண், ஆற்றுபவள் பெண் என்ற பார்சன்ஸின் பங்கீடு அந்த வீட்டு வாசலிலேயே விழுந்துவிடும். ஆனால் மேலைப் பெண்ணியத்தின் குடும்பத்திலும் சாதி இல்லை. பெண்ணின் உழைப்பையும் திருமணத்தையும் சாதியோடு ஒரே சட்டகத்தில் வைத்தவர்களில் லீலா துபே குறிப்பிடத்தக்கவர்.

கொள்கையிலும் அந்தப் பழைய பட்டியலின் நிழல் உண்டு. தமிழ்நாடு 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்கியது. மணமுறையை மாற்றிய அந்தச் சட்டம் மணத்துக்குப் பிந்தைய வாழ்வைத் தொடவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் கல்வித் தகுதிக்கேற்ப 25,000 அல்லது 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் தருகிறது. பிறந்த வீடு செய்யாத சீரை அரசு செய்கிறது, ஒரே ஒரு முறை. குடும்பம் விலகிக்கொண்டபின் தொடர்ந்து தேவைப்படுபவை தங்க இடம், பாதுகாப்பு, பேறுகாலத் துணை, வேலையில்லா மாதங்களுக்கான கூலி. தொழிற்பேட்டையில் முறையான வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தால் அங்குள்ள ஒரு பெண் தன் துணையைத் தேர்வதில் என்ன மாறும் என்ற கேள்வி, குடும்பச் சமூகவியலில் இன்னும் தொழிலாளர் நலத்துறைக்குரியதாகவே ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறது.